கங்காணியின் எழுத்து முகம்

செத்தவன் படத்தை யாராவது கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுவார்களா? அப்படியே மாட்டினாலும், மூஞ்சி தெரியாதபடி மாலையைத் தாழ இழுத்து விடுவார்களா?

"அதத்தான் நானா நானும் கேக்குறேன்" என்றாள் பாக்கியலெட்சுமி. "ஊரெல்லாம் பாக்கணும்னு படம் செய்யச் சொல்லிட்டு, பக்கத்துல யாரும் போகாதீங்கன்னா என்ன அர்த்தம்?"

பதுளைக் கடைத்தெருவில் மஹ்ரூபின் மூக்குக்கண்ணாடிக் கடை அன்று காலை அப்போதுதான் திறந்திருந்தது. ஊரில் எல்லாருக்கும் 'நானா', அதாவது அண்ணன், ஆன மஹ்ரூப் ஒரு கண்ணாடியை ஊதித் துடைத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷம் பதுளைக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த மனிதர். ஒருநாள் கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்து இந்தக் கடையைப் போட்டார். கண்ணாடி வாங்க வருகிறவர்களைவிடக் காணாமல் போனதைத் தேடி வருகிறவர்கள்தான் அதிகம். அவருடைய உதவியாள் புவாத்துக்குக் கண்ணாடி துடைப்பது அரை வேலை, வாயடிப்பது முழு வேலை.

பாக்கியலெட்சுமியின் கதையைப் புவாத் ஏற்கெனவே கேட்டிருந்தான். தெமோதரைக்கு மேலே நெல்லிமலைத் தோட்டத்தில் பெரிய கங்காணி கணபதி என்று ஒருவன். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. கூட இருப்பது ஒரே ஒரு அக்கா, இராக்கம்மா. காய்ச்சலோடு கிடந்த ஒரு கூலிக்காரன் பெரட்டுக்கு, காலை ஆள் கணக்கெடுப்புக்கு, வரவில்லை என்று, லயத்துக் குடியிருப்பிலிருந்து இழுத்துப் போட்டுப் பிரம்பால் அடித்தான் கணபதி. அடிபட்டவன் இரண்டொரு நாளில் செத்துப் போனான். தோட்டமே பார்த்தது, தோட்டமே வாயை மூடிக்கொண்டது. கோர்ட்டில் வந்து சொல்கிறேன் என்று துணிந்தவன் ஒருவன்தான், பாக்கியலெட்சுமியின் புருஷன் வீரசிங்கம்.

வழக்கு விசாரணைக்கு வருமுன் கங்காணியைக் காணோம். மலைவிளிம்பில் அவனுடைய தலைப்பாகையும் கோட்டும் ரத்தத்தோடு கிடந்தன. பக்கத்தில் வீரசிங்கம் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. கீழே கிடுகிடு பள்ளம், அடர்ந்த காடு, பிணம் அகப்படவில்லை. ஆனால் போலீசுக்கு அது போதும். சாட்சி சொல்லப் போனவன் கொலைகாரனாகி மறியல் வீட்டுக் கம்பிக்குள் உட்கார்ந்துவிட்டான். கொலைகாரன் சாமியாகிச் சுவரில் ஏறிவிட்டான்.

"இன்னைக்குக் கருமாதி" என்றாள் அவள். "போலீசு இன்சுபெட்டரும் வாராராம். கங்காணியோட அக்காகிட்ட வாக்குமூலத்துல கைநாட்டு வாங்கிட்டுப் போயிட்டா, கேசு பெரிய கோட்டுக்குப் போயிருமாம். அங்க போனா தூக்குத்தான்னு காவக்காரரு சொன்னாரு." சொல்லும்போது அவள் கை தாலிக்கயிற்றைப் பற்றிக்கொண்டது. அழவில்லை. அழுகையே வராமல் இறுகிப்போன முகம் அது.

"படத்தில என்ன இருக்குதெண்டு சொன்னீங்க?" மஹ்ரூப் கேட்டார்.

"படமே எழுத்துதாங்க. கோடு ஒண்ணும் இல்ல. தூரத்துல பாத்தா கங்காணி அப்படியே மொறைக்கிறாரு. கிட்டப் போனா பொடி எழுத்து. அந்தக்கா ஒப்பாரிய எழுதச் சொல்லிப் படமாக்கிருக்காங்கன்னு சொல்றாக."

மஹ்ரூப் கண்ணாடியை வைத்தார். "பதுளையில அப்படி எழுதுற ஆள் ஒருத்தன்தான். புவாத், சால்வையை எடு."

வெளியே இறங்கியதும் புவாத் குரலைத் தாழ்த்தினான். "நானா, கோவிக்காதீங்க. அந்தப் பொம்பிளைக்காகப் பாவமாத்தான் இரிக்கி. ஆனா கத்தி அவன்ட, கோபமும் அவன்ட. அவனே செஞ்சிருந்தா?"

"செஞ்சிருந்தா அதையும் கண்டுபிடிப்போம்."

"அதுக்கு நாம எதுக்கு நானா? போலீசே கண்டுபிடிச்சு முடிச்சிட்டாங்களே."

*

ஹுமைத்தின் கடை பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்தது. கடைப் பலகை எழுதுகிறவன். முன்னால் காய்ந்துகொண்டிருந்த பலகைகளைத் தாண்டி உள்ளே போனால், சுவரில் ஒரு தடித்த வியாபாரியின் முகம் சிரித்தது. புவாத் மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டப் போனான். சிரிப்பு மறைந்தது, எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்துகள் மட்டும் இருந்தன.

"இதென்ன, மீசையில மிளகாய் எண்டு எழுதியிரிக்கி?"

"அவர் கடையில விக்கிற சாமான் பேரெல்லாம் எழுதிச் செஞ்சது" என்றான் ஹுமைத், எழுந்திருக்காமலே.

"மூக்கில?"

"பெருங்காயம்."

புவாத் வாய்விட்டுச் சிரித்தான். ஹுமைத் சிரிக்கவில்லை. வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, "நான் உருவம் வரையிறவன் இல்ல நானா" என்றான் மஹ்ரூபிடம். "வாப்பா காலத்திலயே அது எங்களுக்கு ஆகாது. நான் எழுத்துத்தான் எழுதுறன். இருட்டு வேணுமெண்டா நெருக்கி எழுதுவன், வெளிச்சம் வேணுமெண்டா தள்ளி எழுதுவன். தூரப் போய் நிண்டு பாத்து அதை முகமெண்டு சொல்றது நீங்க."

"யாரும் அப்படிச் சொல்ல வரல்ல. நெல்லிமலைக் கங்காணிட படம் உங்கட கையெழுத்துத்தானே?"

ஹுமைத்தின் கையில் இருந்த பேனா நின்றது. புவாத் அதைப் பார்த்தான். ஆஹா, ஆள் அகப்பட்டான் என்று அவன் மனசு துள்ளியது.

"ஓம்" என்றான் ஹுமைத் கடைசியில். "அதில என்ன?"

"ஆளைப் பாத்து எழுதினீங்களா?"

"மவுத்தான மனுசனை எப்படிப் பாக்குறது? கடைத்தெருவில எத்தனை தரம் கண்டிருப்பன், அந்த முகம் மறக்குமா? மிச்சத்தை அவர்ட அக்கா சொன்னா."

"எழுதின சொல்லு யார்ட?"

"யார் படம் கேக்குறாங்களோ அவங்கதான் சொல்லும் தரணும். உசிரோட இரிக்கிற ஆளுக்கு வாழ்த்து. மவுத்தான ஆளுக்கு, தோட்டத்துச் சனமெண்டா, ஒப்பாரி. கங்காணிட அக்கா, அந்த ராத்தா, தோட்டத்தில இருந்து மூணு பொம்பிளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தா. அவங்க இந்தத் திண்டில உக்காந்து மாரில அடிச்சு அடிச்சுப் பாடினாங்க. கடைத்தெருவே கூடிட்டுது. நான் கேட்டுக் கேட்டு எழுதினன். தலைப்பாகை முடிஞ்சுது, கோட்டு முடிஞ்சுது."

"அக்காவும் பாடினாவா?"

"இல்ல. தொண்டை அடைச்சுப் போச்சாம். சும்மா இருந்தா."

"பொறகு?"

"பொறகு மூணு பேரையும் வெளிய அனுப்பிட்டா. முகத்துக்கு மட்டும் தானே சொன்னா."

"என்ன சொன்னா?"

ஹுமைத் பேனாவைக் கீழே வைத்தான். "நானா, என்னட்டச் சத்தியம் வாங்கிட்டா. முகத்தில என்ன இரிக்கெண்டு நான் வாய் திறக்க மாட்டன். அல்லாஹ் மேல ஆணையிட்டுக் குடுத்திட்டன்."

புவாத்துக்கு உள்ளங்கை அரித்தது. இவனும் கூட்டாளிதான், பேசாத வாய்க்குப் பின்னால் எப்போதும் ஏதோ இருக்கும். அவன் நானாவின் காதில் கிசுகிசுக்கப் போன நேரம், ஹுமைத் எழுந்து மூலையில் வைக்கோல் சுற்றியிருந்த ஒரு கண்ணாடித் தகட்டைத் தூக்கி வந்தான்.

"அந்தப் படத்துக்கு இன்னும் கண்ணாடி போடல்ல" என்றான், யாரையும் பார்க்காமல். "மலையில இப்ப விடியவிடிய மூடுபனி. கண்ணாடி இல்லாட்டி மை ஊறிப் போயிடும். வெட்டி வெச்சிரிக்கன், ஆள் வரல்ல. நீங்க அந்தப் பக்கம் போறதெண்டா, குடுத்திட்டுப் போங்களேன். போடுறதெண்டா படத்தைக் கீழ இறக்கத்தானே வேணும்."

மஹ்ரூபின் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. "கண்ணாடி விக்கிறவன்தானே நான்."

"என்ட வாய்க்குத்தான் சத்தியம் நானா" என்றான் ஹுமைத். "உங்கட கண்ணுக்கு இல்ல."

*

மாட்டு வண்டி மலை ஏறும்வரை கண்ணாடித் தகடு புவாத்தின் மடியில்தான் இருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவன் ஒவ்வொரு நபியைக் கூப்பிட்டான். பாக்கியலெட்சுமி வண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"உங்கட புருஷன் கோபக்காரரா?" என்று புவாத் கேட்டே விட்டான்.

"கோழி அறுக்கணும்னாக்கூட அடுத்த லயத்து ஆளத்தாங்க கூப்புடுவாரு."

"கோழிமேல இரக்கம் இருந்தா கங்காணிமேலயும் இரிக்க வேணுமெண்டு சட்டமில்லயே."

அவள் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தாள். புவாத் கண்ணாடியை இறுகப் பிடித்துக்கொண்டு வாயை மூடினான். அது அவன் வாழ்க்கையில் அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

"செத்துப்போன அந்த ஆளுக்குக் கடைசியாத் தண்ணி ஊத்துனது எம்புருசன்தான்" என்றாள் அவள் கொஞ்சம் கழித்து. "அந்தத் தண்ணி ஊத்துன கை கோட்டுல பொய் சொல்லாதுன்னாரு. நான்தான் வேணாம் வேணாம்னேன். இப்ப அதே கைக்கு வெலங்கு மாட்டிட்டாங்க."

"அந்த அக்கா எப்படிப்பட்ட மனுஷி?" மஹ்ரூப் கேட்டார்.

"தம்பிதான் அதுக்கு உசுரு. தாயி செத்தப்புறம் அதுதான் இடுப்புல தூக்கி வளத்துச்சு. வாய் ரொம்ப. எங்க சாவு விழுந்தாலும் மொத ஒப்பாரி அதுதான் வெக்கும். அது எடுத்துக் குடுத்தா கல்லும் அழுவும். ஆனா தம்பி செத்த அன்னைக்கிருந்து ஒரு வரி பாடலீங்க. நெஞ்சடைச்சிருச்சுன்னு சொல்லிச் சனமெல்லாம் அதுக்காக அழுவுது."

"இரிக்கும்தானே" என்றான் புவாத். "துக்கம் கூடினா சத்தம் வராது."

மஹ்ரூப் மாட்டின் வாலையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் இப்படிப் பார்த்தால் எதையோ கணக்குப் போடுகிறார் என்று புவாத்துக்குத் தெரியும். என்ன கணக்கு என்றுதான் தெரியவில்லை, அதுதான் எரிச்சல்.

*

கங்காணி வீடு லயங்களுக்கு மேலே தனியாக இருந்தது. முற்றம் நிறையச் சனம். ஒரு பக்கம் நாற்காலி போட்டுத் தோட்டத்துப் பெரிய துரையும் போலீஸ் இன்ஸ்பெக்டரும் உட்கார்ந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் கொழும்பிலிருந்து புதிதாக வந்த பறங்கியர். தமிழில் அவருக்கு 'வா', 'போ' இரண்டும் தெரியும், அதற்கு மேல் தெரியாது. பாக்கியலெட்சுமியைக் கண்டதும் கூட்டம் விலகியது, மரியாதைக்கு இல்லை. "கொன்னவன் பொண்டாட்டி" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் வேலியோரமே நின்றுகொண்டாள்.

உள்ளே கூடத்துச் சுவரில், உயரத்தில், கணபதிக் கங்காணி இருந்தான். இல்லை, அவன் தலைப்பாகையும் கோட்டும் இருந்தன. நடுவில் சாமந்தி மாலை மறைத்துக்கொண்டிருந்தது. கீழே படையலுக்கு இலை போட்டிருந்தார்கள். இராக்கம்மா பக்கத்தில் நின்றாள். நாற்பது வயதிருக்கும், நல்ல ஆகிருதி. கண்கள் வறண்டிருந்தன.

"கண்ணாடியா? இன்னைக்கா?" என்றாள். "கருமாதி முடியட்டும் நானா. வெச்சிட்டுப் போங்க, நானே போட்டுக்கிறேன்."

"போடுறதுக்கு அளவு பாக்கணும் தாயி" என்றார் மஹ்ரூப். "நீங்க இப்ப வேணாமெண்டா போறோம். ஆனா பனியில மை கரைஞ்சிட்டுதெண்டா என்னைக் குத்தம் சொல்லக் கூடாது. முதல்ல கரையிறது முகம்தான். அங்கதான் எழுத்து மெல்லிசு."

அவள் முகம் மாறியது. "தம்பி மொகம் கரையுமா?"

"ஒழுகிப் போகும்."

"வாயக் கழுவுங்க நானா! நல்ல நாளும் அதுவுமா..." என்றவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். பிறகு அவளே ஸ்டூலைப் போட்டு ஏறி, மாலையைக் கழற்றி, படத்தை இறக்கிக் கொடுத்தாள். "வெரசாப் பாருங்க. யாரும் கிட்ட வரப்படாது."

கருமாதி வீட்டில் நல்ல நாளா? புவாத் நானாவைப் பார்த்தான். நானா காது கேளாதவர் மாதிரி படத்தை ஜன்னலோரம் கொண்டு போனார். வெளியே ஐயர் கூப்பிட்டதால் இராக்கம்மா இரண்டு தரம் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு முற்றத்துக்குப் போனாள்.

மஹ்ரூப் மடியிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். தலைப்பாகையில் தொடங்கினார். அவர் உதடுகள் அசைந்தன. பிறகு கோட்டுக்கு இறங்கினார். அதன் பிறகே முகத்துக்கு வந்தார். அங்கே நெடுநேரம் நின்றார்.

"நானா, அவ வந்திடுவா" என்றான் புவாத்.

"நீயே படி." பூதக்கண்ணாடியை அவனிடம் கொடுத்தார். "தலைப்பாகை."

புவாத் குனிந்தான். கறுப்பாக நெருங்கிய எழுத்துகள் பெரிதாகி எழுந்தன. "'தங்க மலை சாஞ்சிருச்சே, தாங்கும் மரம் முறிஞ்சிருச்சே...' ஒப்பாரி."

"கோட்டு?"

"'கோட்டுப் போட்ட தொரை மகனைக் குழியும் காணல்லியே...' இதுவும் ஒப்பாரிதான். ஹுமைத் சொன்னது சரி."

"இப்ப நெத்தி."

புவாத் படித்தான். மறுபடி படித்தான். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாம் தரமும் படித்தான். "'எங்கய்யா ராசா, நூறாயுசு இரு... காலு நோவாம இரு, காச்ச வராம இரு...' நானா, என்ன இது?"

"கன்னம்?"

"'பெரட்டுக்கண்ணு பொசுங்கிப் போக, பொல்லாக்கண்ணு வெடிச்சுப் போக... தொரைக்கண்ணு படாம, போலீசுக்கண்ணு படாம...'"

அவன் நிமிர்ந்தான். குரல் தானாக இறங்கிப் போயிற்று. "மவுத்தான மனுசனுக்கு எதுக்குக் கண்ணூறு கழிக்கிறா? போலீஸ் கண்ணு படாம இரிக்கச் சொல்லி?"

"அப்ப?"

"உடுப்புக்குத்தான் ஒப்பாரி!" புவாத்துக்கு உடம்பு சிலிர்த்தது. "தலைப்பாகையும் கோட்டும்தான் மலையில கிடந்துது, அதுக்குத்தான் ஒப்பாரி. முகத்துக்கு ஆயுசு! அவன் சாகல்ல நானா! அவன் உசிரோட இரிக்கான்!"

"மெதுவா."

"எவ்வளவு துணிச்சல்காரி! போலீசை ஏமாத்தினா, துரையை ஏமாத்தினா, ஐயரைக் கூப்பிட்டுக் கருமாதி வேற செய்றா..."

"எல்லாரையும் ஏமாத்தினா. தம்பிட முகத்தில ஒப்பாரி எழுத மட்டும் கை வரல்ல" என்றார் மஹ்ரூப். "உசிரோட இரிக்கிறவனுக்கு ஒப்பாரி வெச்சா அவன் செத்துப் போவானெண்டு அவ நம்புறா. அதனாலதான் நெஞ்சடைச்சுது. படத்தை உயர மாட்டினதும் அதுக்குத்தான், மாலையைத் தாழ விட்டதும் அதுக்குத்தான்."

"வாங்க, இன்ஸ்பெக்டர்ட்டச் சொல்லுவோம்!"

"என்னத்தைச் சொல்ற? செத்தவன்ட கன்னத்தில நல்ல வார்த்தை எழுதியிரிக்கி, ஆனபடியால் அவன் சாகல்ல எண்டா? அந்த மனுசன் உன்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். கங்காணி எங்க இரிக்கான் எண்டு தெரிஞ்சது இந்த உலகத்தில ஒருத்திக்குத்தான்."

முற்றத்தில் இன்ஸ்பெக்டர் காகிதத்தை விரித்து மைப்பெட்டியைத் திறந்தார். இராக்கம்மாவின் கட்டைவிரல் அதில் பட வேண்டியதுதான் பாக்கி.

*

மஹ்ரூப் படத்தைக் கையில் பிடித்தபடியே முற்றத்துக்கு வந்தார். முகம் வெளியே தெரிந்தது. இராக்கம்மா பாய்ந்து வந்தாள்.

"ஏன் நானா வெளிய கொண்டாந்தீங்க? குடுங்க இங்க!"

"குடுக்கிறேன் தாயி. ஆனா கருமாதி வீட்டில கூடப் பிறந்தவ ஒரு வரியாவது வெச்சுத்தானே படைக்கணும்? ஊரெல்லாம் காத்துக்கொண்டிரிக்கி. இந்த முகத்தைப் பாத்து ஒரே ஒரு வரி பாடுங்க. நாங்க கண்ணாடியைப் போட்டுக் குடுத்திட்டுப் போயிடுறோம்."

கூட்டத்துப் பெண்கள் ஆமாம் போட்டார்கள். "பாடு தாயி, மனசுல இருக்கிறது கரையட்டும்" என்றாள் ஒருத்தி. இராக்கம்மா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. நெற்றி வியர்த்தது. அவள் கண் படத்தின் கன்னத்துக்குப் போய், அங்கிருந்து புவாத்தின் கையிலிருந்த பூதக்கண்ணாடிக்கு வந்து நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என்னால முடியாது" என்றாள், மஹ்ரூபுக்கு மட்டும் கேட்கும்படி. "அடிச்சுப் போட்டாலும் முடியாது."

அப்போதுதான் பாக்கியலெட்சுமி வேலியோரத்திலிருந்து நடந்து வந்தாள். யாரோ தடுத்தார்கள், கையைத் தட்டிவிட்டாள்.

"பாடுங்கக்கா" என்றாள். "நீங்க பாடுங்க. நீங்க பாடி முடிச்சதும் நான் வீட்டுக்குப் போயி இந்தத் தாலிய அறுத்துப் போட்டுர்றேன். எப்படியும் அறுக்கத்தானே போறேன், இன்னைக்கே அறுத்தா என்ன?"

"என்ன புள்ள பேச்சு இது? ரெண்டு மாசம் உள்ள வெச்சிருப்பாக, பொணம் கெடைக்கலன்னு விட்டுருவாக..."

"யாருக்கா சொன்னது?"

இராக்கம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"தூக்குன்னு சொல்றாங்கக்கா. கழுத்துல கயிறு."

"பொய்யி!" இராக்கம்மா மஹ்ரூபின் பக்கம் திரும்பினாள். குரல் உடைந்தது. "நானா, நீங்க கோட்டுல இருந்த மனுசன். இவ பொய்தானே சொல்றா? விட்டுருவாகதானே?"

மஹ்ரூபின் முகத்தைப் புவாத் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. "பொணம் இல்லாட்டியும் தூக்குவாங்க தாயி. தீர்ப்பை நீதிபதி இங்கிலீஷில சொல்லுவார். அதைத் தமிழில திருப்பி அந்த மனுசன்ட முகத்தைப் பாத்துச் சொல்றது என்ட வேலை. சொல்லியிரிக்கன். அதுக்குப் பொறகுதான் அந்த வேலை எனக்கு வேணாமெண்டு வந்தன். நான் ஏன் பொய் சொல்ல?"

இராக்கம்மா அசையாமல் நின்றாள். தம்பி தன்னிடமே பொய் சொல்லியிருக்கிறான் என்பது அவளுக்குள் இறங்க நேரம் எடுத்தது. இடுப்பில் தூக்கி வளர்த்தவன். எதிரே, புருஷன் கழுத்துக்காகத் தன் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒருத்தி.

இராக்கம்மா கொண்டையை அவிழ்த்தாள். கூந்தல் முதுகில் விழுந்தது. மஹ்ரூபின் கையிலிருந்து படத்தை வாங்கித் தரையில் சாய்த்து வைத்து, அதன் எதிரே காலை நீட்டி உட்கார்ந்தாள். மாரில் ஒரு அடி அடித்து ஓங்கிக் குரல் எடுத்தாள்.

புவாத் ஓரடி பின்வாங்கினான். பாடுகிறாள்! பாடிவிட்டாள்! அப்படியானால் நானாவின் கணக்குத் தப்பு. கங்காணி செத்தவன்தான், வீரசிங்கம் கொன்றவன்தான். அவன் நானாவைப் பார்த்தான்; நானா இராக்கம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்துப் பெண்கள் ஓவென்று சேர்ந்து அழுதார்கள். இன்ஸ்பெக்டர் காகிதத்தோடு பொறுமையிழந்து எழுந்தார்.

இரண்டாம் வரியில் பெண்களின் அழுகை தடுமாறியது. மூன்றாம் வரியில் நின்றே போயிற்று. இராக்கம்மாவின் குரல் மட்டும் தனியாக மலையில் மோதித் திரும்பியது.

"பூப்போல வளத்தேனே எம்பொறப்பே – நீ
பொய்யாச் செத்தாயே எம்பொறப்பே
பூனாகலை மேட்டுக்கு மேக்கால – பழைய
கோப்பி ஸ்டோருக்குள்ள எம்பொறப்பே
போர்வைக்குள்ள கெடக்குறியே – உனக்குப்
பொட்டிச் சோறு குடுத்தேனே எம்பொறப்பே
ஊரான் கழுத்துக்கு வந்த கயித்துக்கு – உன்
உசுரக் குடுக்குறேனே எம்பொறப்பே..."

"என்ன பாடுகிறாள்?" இன்ஸ்பெக்டர் இங்கிலீஷில் கேட்டார். "கைநாட்டு வைத்துவிட்டுப் பாடச் சொல்லுங்கள்."

மஹ்ரூப் அவள் பாடப் பாட வரிவரியாக அதை இங்கிலீஷில் சொன்னார். கோர்ட்டில் பேசிய அதே குரல், ஏற்ற இறக்கம் இல்லாத குரல். பூனாகலை என்ற பெயர் வந்ததும் இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த காகிதம் தாழ்ந்தது. கோப்பி ஸ்டோர், அந்தப் பழைய காப்பிக்கொட்டைக் கிடங்கு, என்றதும் அவர் கான்ஸ்டபிள்களைப் பார்த்துக் கத்தினார். குதிரைகளை அவிழ்த்தார்கள். பெரிய துரை ஏதோ கேட்டார். பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. குளம்புச் சத்தம் மலைப்பாதையில் இறங்கித் தேய்ந்தது.

அப்போதும் இராக்கம்மா நிறுத்தவில்லை. பாதியில் விடக்கூடாத பாட்டு அது. நெற்றியைப் பாடினாள், கண்ணைப் பாடினாள், கன்னத்தைப் பாடினாள். ஆயுசு எழுதி வைத்த இடம் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு அழுது முடித்தாள். முடித்ததும் தலை நிமிர்ந்து பாக்கியலெட்சுமியைப் பார்த்தாள்.

"போ புள்ள. உம்புருசன் வந்துருவான், போயி அடுப்ப மூட்டு. எந்தம்பி இன்னைக்குத்தான் செத்தான்."

பாக்கியலெட்சுமி போகவில்லை. இராக்கம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, இத்தனை நாள் வராத அழுகையை அழத் தொடங்கினாள்.